தூரிகையில் பூத்த விவிலிய மங்கையர்

பத்தாம் வகுப்பு மாணவி

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் வாக்கு. சுவர் இடிந்த பிறகும் சில சித்திரங்கள் மக்கள் மனத்தில் நிலைத்து நிற்பதை நாம் காண்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் யூதித்து, எஸ்தர், ரூத்து, சூசன்னா ஆகியோரின் வரலாறுகளைப் படிக்கிறோம். அவர்களை ஓவியர்கள் எவ்வாறு கண்டார்கள்? ஐரோப்பாவில் பிறந்த அப்படங்கள் நம் பாரத நாட்டுக்கு எப்படி வந்தன? வந்த பின் என்ன ஆயின? இவற்றை நம் தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பாச்சலூர் மலையில் கத்தோலிக்க வீடு ஒன்றினுள் நுழைந்தால் பீடத்திலோ நாட்காட்டியிலோ ஒரு மாதா படம் நம்மை வரவேற்கும். பெரும்பாலும் அது சதா சகாய மாதா படமாக இருக்கும். அதன் மூலப்படம் உரோமை நகரில் உள்ள புனித அல்போன்சு ஆலயத்தில் இருக்கிறது. 1866ஆம் ஆண்டில் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அதனை இரட்சகர் சபைத் துறவியரிடம் ஒப்படைத்து, உலகெங்கும் அறிமுகம் செய்யும்படி பணித்தார். குழந்தை இயேசுவின் காலைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு மிதியடி கழன்று தொங்கும். வானதூதர்கள் ஏந்தி வரும் சிலுவையையும் ஈட்டியையும் கண்டு அஞ்சிய குழந்தை தாயிடம் ஓடி வந்ததாம். வந்த வேகத்தில் மிதியடி நழுவிற்றாம். நாள்தோறும் பார்க்கும் படத்தில் இத்தனை செய்தி அடங்கியிருக்கிறது. படத்தைப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு அன்றோ?

படத்தைப் படிப்பது எப்படி?

எழுத்தறியாதவர்க்கு ஓவியமே நூல் என்ற கருத்தைப் புனித கிரகோரி பாப்பானவர் கி.பி. 600ஆம் ஆண்டையொட்டி மார்செய் நகர ஆயருக்கு எழுதிய மடலில் விளக்கினார். ஆகவே ஆலயச் சுவர்களிலும் கண்ணாடிச் சாளரங்களிலும் விவிலியக் கதைகள் எழுதப்பட்டன. ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறியச் சில அடையாளங்களும் வழக்கத்தில் வந்தன. கையில் வாள் இருந்து, அருகில் வெட்டுண்ட தலை ஒன்றும் இருந்தால் அவள் யூதித்து. நறுமணத் தைலச் சிமிழ் ஏந்தியவர் மகதலா மரியா. லீலி மலரோடு வானதூதர் எதிரில் நின்றால் அது மங்கள வார்த்தைக் காட்சி.

தேவதாயின் மேலாடை ஏன் பெரும்பாலும் நீலமாக இருக்கிறது தெரியுமா? அந்நாளில் மிகச் சிறந்த நீலம் ஒரு கல்லிலிருந்து எடுக்கப்பட்டது. ஆப்கானிஸ்தானத்தின் படக்சான் மலைச் சுரங்கங்களில் கிடைத்த அக்கல்லைக் கடல் கடந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்று, இடித்துப் பொடியாக்கி, நீலத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் விலை சில சமயம் பொன்னுக்கு நிகராக இருந்தது. படம் எழுதச் சொன்ன செல்வர்கள் மாதாவின் ஆடைக்கு இந்த நீலத்தையே பயன்படுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். ஆக, நம் ஆசியக் கண்டத்து மலை ஒன்றின் கல்தான் ஐரோப்பிய மாதாவுக்கு நீல ஆடை தந்தது. மலைநாட்டுப் பெண்களாகிய நமக்கு இது பெருமையே!

வாளேந்திய யூதித்து

அசீரியப் படைத்தலைவன் ஒலோபெரின் பெத்தூலியா நகரை முற்றுகையிட்டுத் தண்ணீர் வழிகளை அடைத்தான். ஊர்ப் பெரியோர் ஐந்து நாளில் சரணடைவதாக முடிவு செய்தனர். அப்போது யூதித்து என்ற கைம்பெண் இறைவனை மன்றாடிவிட்டு, ஒரு பணிப்பெண்ணை மட்டும் அழைத்துக்கொண்டு பகைவர் பாசறைக்குள் சென்றாள். அவன் மது மயக்கத்தில் கிடந்தபோது அவன் வாளாலேயே அவன் தலையைக் கொய்து திரும்பினாள். இவ்வரலாறு நம் கத்தோலிக்க விவிலியத்தின் இணைத் திருமுறை நூல்களுள் உள்ளது.

இத்தாலிய ஓவியர் போத்திசெல்லி 1470ஆம் ஆண்டையொட்டி எழுதிய சிறு படத்தில், காரியம் முடிந்து இரு பெண்களும் வீடு திரும்புகிறார்கள். யூதித்தின் ஒரு கையில் வாள். மறு கையில் சமாதானத்தைக் குறிக்கும் ஒலிவக் கிளை. பணிப்பெண்ணோ அந்தப் பயங்கரச் சுமையைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு வேகமாக நடக்கிறாள். சும்மாடு கட்டி விறகு சுமந்து வரும் நம் ஊர்த் தாய்மாரின் நடையே அது! மைக்கேல் ஆஞ்சலோவும் உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையின் ஒரு மூலையில் (1508-1512) பணிப்பெண்ணின் தலையில்தான் சுமையை ஏற்றியிருக்கிறார். யூதித்து அதைத் துணியால் மூடுகிறாள்.

இனி இரண்டு படங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். கரவாஜியோ என்பவர் 1599ஆம் ஆண்டையொட்டி எழுதிய படத்தில், யூதித்து கைகளை நீட்டி, உடலைப் பின்வாங்கி, முகத்தைச் சுளித்தபடி வெட்டுகிறாள். பணிப்பெண் ஒரு கிழவி. பையை ஏந்திக்கொண்டு பார்த்து நிற்கிறாள், அவ்வளவுதான். சில ஆண்டுகளுக்குப் பின் ஆர்த்தமீசியா ஜென்டிலெஸ்கி என்ற பெண் ஓவியர் அதே காட்சியை எழுதினார். அவரது யூதித்து பின்வாங்கவில்லை. பணிப்பெண்ணும் கிழவியல்லள், இளம் பெண். அவள் தன் முழு பலத்தோடு அந்தப் பேருடலை அமுக்கிப் பிடிக்க, யூதித்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வேலையை முடிக்கிறாள். முரண்டு பிடிக்கும் கன்றுக்குட்டியைக் கட்டவே இருவர் வேண்டும் என்பது நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒரு படைத்தலைவனை அடக்க ஒருத்தியால் ஆகுமா? இரு பெண்கள் சேர்ந்து நின்றதால்தான் ஒரு நகரம் பிழைத்தது என்பதை ஆர்த்தமீசியா கண்டு சொன்னார்.

உண்மைக்கு நின்ற ஓவியர்

ஆர்த்தமீசியாவைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். அவர் 1593இல் உரோமையில் பிறந்தார். தந்தையும் ஓவியர். பெண்பிள்ளைகள் ஓவியக்கூடங்களில் சேர்ந்து பயில இடமில்லாத காலம் அது. எனவே தந்தையிடமே தொழில் கற்றார். 1610இல் அவர் கையெழுத்திட்ட முதல் பெரிய படம் சூசன்னாவைப் பற்றியது. அப்போது அவருக்குப் பதினேழு வயது. எங்களை விட இரண்டே வயது மூத்தவர்!

சூசன்னாவின் கதை தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. ஊர் நீதிபதிகளாகிய முதியோர் இருவர் அவளைத் தீய வழிக்கு அழைத்தனர். அவள் மறுத்தாள். உடனே பொய்ப் பழி சுமத்தி அவளைச் சாவுத் தீர்ப்புக்கு உள்ளாக்கினர். இளைஞன் தானியேல் இருவரையும் தனித்தனியே விசாரித்து, அவர்கள் பொய்யைப் பிட்டு வைத்தான். பல ஓவியர்கள் சூசன்னாவின் அழகைக் காட்டினார்களே தவிர, அவள் துயரத்தைக் காட்டவில்லை. ஆர்த்தமீசியாவின் சூசன்னாவோ முகத்தைத் திருப்பி, கைகளை உயர்த்தி, அருவருப்போடு அவர்களை விலக்குகிறாள். முதியோர் இருவரும் மதில்மேல் சாய்ந்து குசுகுசுவெனப் பேசுகிறார்கள். அவர்களின் சதியைப் பார்த்தவுடன் நமக்கே நெஞ்சு பதறும்.

அடுத்த ஆண்டே ஆர்த்தமீசியாவுக்கும் பெருந்தீங்கு நேர்ந்தது. தீங்கு செய்தவர் அவருக்கு ஓவியம் கற்பிக்க வந்தவர். 1612இல் வழக்கு நடந்தபோது, அவர் சொல்வது மெய்தானா என்று சோதிக்க, விரல்களைக் கயிற்றால் சுற்றி இறுக்கினார்கள். தூரிகை பிடிக்க வேண்டிய விரல்கள்! ஆயினும் அவர் தம் வாக்குமூலத்தை மாற்றவில்லை. எதிராளி குற்றவாளி என்றே தீர்ப்பாயிற்று. பின் அவர் புளோரன்சு நகரம் சென்று, 1616இல் அந்நகர ஓவியக் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார். தீங்கு இழைத்தவனுக்கன்றி, தீங்குக்கு உள்ளானவருக்கு அவமானம் இல்லை என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. பெண்பிள்ளை ஒருத்தி உண்மையைச் சொல்லும்போது அவளை நம்ப ஒரு தானியேலாவது வேண்டும் என்பதையும் பெற்றோர் முன் பணிவோடு வைக்கிறோம்.

அழைப்பின்றி அரசன் முன் வந்தால் சாவு என்ற சட்டம் இருந்தும், தன் மக்களைக் காக்க அகஸ்வேர் மன்னன் எதிரில் போய் நின்ற எஸ்தரையும் ஆர்த்தமீசியா எழுதியுள்ளார். மூன்று நாள் உண்ணா நோன்பிருந்து வந்த எஸ்தர் மயங்கிச் சாய்கிறாள், தோழியர் தாங்கிக்கொள்கின்றனர், மன்னன் பதறி அரியணையில் எழுகிறான். வீரம் என்பது அஞ்சாமை மட்டுமல்ல. அஞ்சியபடியே போய் நிற்பதும் வீரமே. இப்படம் இன்று அமெரிக்காவில் நியூயார்க் நகரப் பெருநகர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

கதிர் பொறுக்கிய ரூத்து

மோவாபு நாட்டுப் பெண் ரூத்து, கணவனை இழந்த பின்னும் மாமியார் நகோமியைக் கைவிடாமல் பெத்லகேமுக்கு வந்தாள். இருவருக்கும் சோறிட, பிறர் வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கினாள். வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமலும், சிந்தியதைப் பொறுக்காமலும் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியர் நூல் காட்டும் திருச்சட்டம். அந்த வயலின் உரிமையாளர் போவாசு அவளை மணந்தார். தாவீது அரசருக்கு அவள் பூட்டியானாள்.

பிரெஞ்சு ஓவியர் பூசின், நான்கு பருவங்களை நான்கு படங்களாக 1660க்கும் 1664க்கும் இடையில் எழுதினார். கோடைப் பருவத்துக்கு அவர் தேர்ந்தது ரூத்தின் கதையை. பொன்னிறக் கோதுமை வயலில் ரூத்து போவாசின்முன் மண்டியிடுகிறாள். இருநூறு ஆண்டுகள் கழித்து, 1857இல், மிலே என்ற மற்றொரு பிரெஞ்சு ஓவியர் கதிர் பொறுக்கும் மூன்று ஏழைப் பெண்களை எழுதினார். தாமும் குடியானவர் வீட்டுப் பிள்ளை அவர். அப்படத்தில் விவிலியப் பெயர் எதுவும் இல்லை. மூவரும் குனிந்திருப்பதால் முகங்களும் தெளிவாகத் தெரியவில்லை. வளைந்த முதுகும் முரட்டுக் கைகளுமே தெரிகின்றன. ஏழைகளை இவ்வளவு பெரிதாக எழுதலாமா என்று பாரிஸ் நகரத்துச் செல்வர்கள் முகம் சுளித்தார்களாம்!

நம் மலையில் காப்பிப் பழம் பறிப்பு முடிந்த பின், செடியடியில் சிந்திக் கிடப்பதைக் குனிந்து குனிந்து பொறுக்கும் பாட்டிமாரை நாம் பார்க்கிறோம். அவர்களும் ரூத்தின் உறவினரே. அவர்களை எந்த ஓவியரும் இன்னும் எழுதவில்லையே என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

மகதலா மரியாவுக்கு நேர்ந்தது

ஓவியம் நன்மை செய்வது போலவே சிலருக்குப் பழியும் தேடித் தரும். லூக்கா நற்செய்தியில் இயேசுவின் பாதத்தைக் கண்ணீரால் கழுவிய பெண்ணுக்குப் பெயர் தரப்படவில்லை. கி.பி. 591இல் புனித கிரகோரியார் ஆற்றிய மறையுரையில் அப்பெண்ணும், பெத்தானியா மரியாவும், மகதலா மரியாவும் ஒருவரே என்று கொள்ளப்பட்டது. அதன்பின் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஓவியர்கள் அவரைக் கூந்தல் விரித்து அழும் பாவியாகவே எழுதி வந்தனர். நற்செய்தியில் அவரைப் பாவி என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு சீடர்களுக்கு அறிவித்தவர் அவர்தாம். 1969இல் திருச்சபை தன் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது இந்தக் குழப்பம் நீங்கிற்று. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஜூலை 22ஆம் நாளை அவரது திருவிழாவாக உயர்த்தி, திருத்தூதருக்கெல்லாம் தூது சொன்னவர் என்று சிறப்பித்தார். பிரா ஆஞ்சலிகோ என்ற சாமிநாதர் சபைத் துறவி, 1440ஆம் ஆண்டையொட்டிப் புளோரன்சு நகர மடத்து அறை ஒன்றில், தோட்டத்தில் உயிர்த்த இயேசுவைக் காணும் மரியாவை எழுதியிருக்கிறார். அதில் கண்ணீரை விட ஒளியே மிகுதி.

நம் நாட்டுக்கு வந்த மங்கையர்

1580ஆம் ஆண்டு சேசு சபைக் குருக்கள் ருடோல்ப் அக்குவாவீவா, மொன்செராத்தே முதலியோர் பத்தேபூர் சிக்ரியில் அக்பர் மன்னரின் அவைக்கு வந்தனர். ஆந்துவெர்ப் நகரில் பல மொழிகளில் அச்சிட்ட விவிலியத் தொகுதிகளையும் மாதா படங்களையும் கொண்டு வந்தனர். மன்னர் தலைப்பாகையைக் கழற்றி, ஒவ்வொரு தொகுதியையும் தலைமேல் வைத்து முத்தமிட்டார் என்று மொன்செராத்தே அடிகள் எழுதி வைத்திருக்கிறார். மரியன்னை இசுலாமியருக்கும் மதிப்புக்குரியவர். திருக்குர்ஆனில் ஓர் அதிகாரமே அவர் பெயரால் விளங்குகிறது. எனவே முகலாய ஓவியர்கள் மாதாவை விருப்பத்தோடு எழுதினர். மாதா படத்தைக் கையில் ஏந்திய ஜகாங்கீர் மன்னரின் ஓவியம் ஒன்று புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த முகலாய ஓவியர்களுள் நினி என்ற பெண்ணும் ஒருவர். ஐரோப்பிய அச்சுப்படம் ஒன்றைப் பார்த்து, வேதசாட்சி புனித செசிலியாவின் மரணத்தை எழுதித் தம் பெயரையும் இட்டார். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அப்படம் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. உரோமையில் ஆர்த்தமீசியா வாளேந்திய யூதித்தை எழுதிய காலத்தை ஒட்டியே, இங்கே ஒரு பெண் வாளுக்கு இரையான செசிலியாவை எழுதினார் என்பது எங்களுக்கு வியப்பைத் தந்தது. ஒருவரை ஒருவர் அறியாத இருவர்!

நம் தமிழகமும் பின்தங்கவில்லை. இத்தாலியில் பிறந்து, தமிழ் கற்று, புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரை நாம் அறிவோம். அவர் கோணான்குப்பத்தில் எழுப்பிய ஆலயத்தில் மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயர் சூட்டினார். தமிழ்ப் பெண்ணைப் போல் மாதாவை வரைந்து, அப்படத்தைப் பிலிப்பைன்சு நாட்டு மணிலாவுக்கு அனுப்பிச் சுரூபம் செய்வித்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, மாதா நம் சேலையில் எழுந்தருளினார்.

இருபதாம் நூற்றாண்டில் இப்பணியைத் தம் வாழ்வாகக் கொண்டவர் ஆஞ்சலோ த பொன்சேகா. 1902இல் கோவாவின் சாந்து எஸ்தேவம் தீவில் பிறந்தார். மருத்துவப் படிப்பை விட்டு, வங்காளம் சென்று அவனீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ் ஆகியோரிடம் ஓவியம் பயின்றார். ஊர் திரும்பி, சேலை உடுத்து, வெறுங்காலோடு, மாநிறத்தில் நிற்கும் மரியாவை எழுதினார். கோவா மக்களில் பலர் சினந்தனர். மாதாவை இப்படியும் எழுதுவதா என்றனர். அவர் பூனாவுக்குச் சென்று ஓர் ஆசிரமத்தில் தங்கி, 1967இல் இறக்கும் வரை எழுதிக்கொண்டே இருந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-1965) அந்தந்த நாட்டுக் கலைகளைத் திருச்சபை மதிக்க வேண்டும் என்று சொன்னபோது, அவர் செய்து வந்ததன் பொருள் பலருக்கு விளங்கிற்று. ஓவியர் மகளாகப் பிறந்த ஆஞ்சலா திரிந்தாதே (1909-1980) என்ற பெண்மணியும் பம்பாயில் மரியாவை இந்தியப் பெண்ணாகவே எழுதிப் புகழ்பெற்றார்.

மாதா யூத குலத்துப் பெண். அவரை ஐரோப்பியர் தம் பெண்களைப் போல வெள்ளையாக எழுதினார்கள். அது அவர்களின் அன்பு. ஹென்றி டேனர் என்ற அமெரிக்கக் கறுப்பின ஓவியர் பாலஸ்தீனத்துக்கே போய்ப் பார்த்து வந்து, 1898இல் மங்கள வார்த்தையை எழுதினார். அதில் மரியா கோடு போட்ட ஆடை அணிந்து, கலைந்த படுக்கையில் அமர்ந்திருக்கும் எளிய சிறுமி. வானதூதரோ ஓர் ஒளிக்கீற்று. அந்தச் சிறுமியைப் பார்க்கும்போது, இவள் நம் வகுப்பில் இரண்டாம் வரிசையில் உட்காரக் கூடியவள் என்றே தோன்றும். இறைவன் கருப்பான, ஏழையான, மலையில் பிறந்த பெண்ணையும் அழைப்பார் என்ற நம்பிக்கை அப்போது எளிதாக வருகிறது. படத்தில் தன்னைக் காணாத குழந்தை, தனக்கு அங்கே இடமில்லை என்று நினைத்துக்கொள்ளும். ஆதலால் படம் எழுதுவது சிறு செயல் அன்று.

நாம் செய்யக் கூடியது

அன்புத் தோழியரே, இம்மங்கையரில் யாரும் தமக்கு வாய்ப்பு வரும் என்று காத்திருக்கவில்லை. யூதித்து பெரியோர் சோர்ந்தபோது எழுந்தாள். எஸ்தர் அழைக்கப்படாமலே சென்றாள். ரூத்து அந்நிய மண்ணில் உழைத்தாள். மகதலா மரியா இருட்டோடே கல்லறைக்குப் போனார். அவர்களைத் தீட்டிய பெண்களும் அப்படியே. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பப்படும் பெண்பிள்ளைகள் நம் மலையில் இன்றும் இருக்கிறார்கள். யூதித்துக்குப் பணிப்பெண் துணை நின்றது போல அவர்களுக்கு நாம் துணை நிற்கலாம். எஸ்தரைப் போல அவர்களுக்காகப் பெரியோர் முன் போய்ப் பேசலாம்.

வரையத் தெரிந்தவர்களுக்கு மற்றொரு வேண்டுகோள். காப்பித் தோட்டத்தில் பழம் பொறுக்கும் ரூத்தை எழுதுங்கள். சும்மாட்டின்மேல் கூடை வைத்து, யூதித்தோடு மலைப்பாதையில் இறங்கி வரும் பணிப்பெண்ணை எழுதுங்கள். படத்தின் ஓரத்தில், நினியைப் போல, உங்கள் பெயரையும் மறவாமல் எழுதுங்கள்.